தலையில் ஏறிய கரடி

உங்கள் வீட்டில் எப்படியோ, என் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை வந்தால் பரீட்சை. கேள்வி கேட்பவன் என் மகன். பதில் சொல்ல வேண்டியவள், அறுபதைத் தாண்டி, கிராம நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, மலையில் சொந்த வீட்டில் சிவனே என்று உட்கார்ந்திருக்கும் நான்.

வேலூரிலிருந்து மோட்டார் சைக்கிளில் மலையேறி வருகிறான். ஹெல்மெட்டைக் கழற்றியதும் முதல் கேள்வி, "மாத்திர போட்டியாம்மா?" சரி, அது நியாயம். இரண்டாவது கேள்விதான் என் உயிரை வாங்குவது. "போன வாரம் குடுத்த புக்கு படிச்சியா?"

"படிச்சேன்டா."

"இன்னா கதை? சொல்லு பாக்கலாம்."

சொன்னாலும் விடுகிறானா? அந்தப் பெண்ணின் பெயர் என்ன, எந்த ஊர், கடைசியில் செத்தது யார் என்று ஒவ்வொன்றாகத் தோண்டுவான். "யாரோ செத்தாங்கடா, நல்லா அழுதேன்" என்பேன். அவன் முகம் சுண்டிப் போகும். நம் வயதுக்காரர்களை இப்படிக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று செல்போனில் எங்கோ படித்திருக்கிறான். படித்ததை அவன் மறந்து தொலைக்கக் கூடாதா!

போன மாதம் ஒரே புத்தகத்தை நான் இரண்டாம் தரம் கையில் வைத்திருப்பதைப் பார்த்துவிட்டான். அவ்வளவுதான். வாசலில் நின்று போனில் மருமகளோடு குசுகுசு. அப்புறம் உள்ளே வந்து, "தனியா இருந்தது போதும்மா. ரூமு ரெடி பண்ணிட்டோம். அடுத்த மாசம் காரு எடுத்துனு வர்றேன், கெளம்பிடு" என்றான். காய்ச்சலில்லை, விழுந்து காலை உடைத்துக்கொள்ளவில்லை. ஒரு கதையை மறந்ததற்காக என்னை மலையிலிருந்து இறக்கப் பார்க்கிறான்.

நீங்களே சொல்லுங்கள், நம் வயதுக்காரர்கள் சொன்னால்தான் எனக்கு மனசு ஆறும். போன பொங்கலுக்குத் தின்ற கரும்பின் ருசியை ஒப்பி என்று யாராவது கேட்பார்களா? புத்தகத்துக்கு மட்டும் என்ன இப்படி ஒரு சாபம்?

எனக்கு இது புதிதில்லை என்பதுதான் எரிச்சலை இரண்டு மடங்காக்குகிறது. இதே மலையில், நான் ஐந்தாவது முடிக்கும் வருஷத்துப் புளிக் காலத்தில், இதே கேள்வியில் ஒருமுறை மாட்டியிருக்கிறேன். அன்றைக்குக் கேட்டவர் என் அப்பா. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

புளிக் காலம் என்றால் எங்கள் மலையில் ஊரே புளிக்கும். ஆண்கள் மரமேறி உலுக்குவார்கள். பெண்கள் பொறுக்கி வந்து வாசலில் காயப்போட்டு, தடியால் தட்டி ஓடு நீக்கி, நார் உரித்து, கல்லில் வைத்துக் கொட்டை எடுப்பார்கள். பிள்ளைகள் கொட்டையை வறுத்துத் தின்போம். பல் கூசி, சாயங்காலம் சாமைச் சோற்றைக்கூட மெல்ல முடியாது. விரலெல்லாம் பிசுபிசுக்கும். எதைத் தொட்டாலும் ஒட்டும்.

அந்தப் பிசுபிசுத்த கைக்குத்தான் ஒரு புத்தகம் வந்து சேர்ந்தது. அம்மாவின் தங்கை, என் சின்னம்மா, காவலூரில் நட்சத்திரம் பார்க்கிற ஆபீஸ் குவார்ட்டர்சில் ஒரு வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தாள். அந்தக் குடும்பம் மாற்றலாகிப் போகும்போது, பழைய பால் குண்டா, அறுந்த குடை, குழந்தைகள் கிழித்தது போக மிஞ்சிய ஒரு கதைப் புத்தகம் என்று அவள் தலையில் கட்டிவிட்டார்கள். குண்டாவை அம்மா எடுத்துக்கொண்டாள். புத்தகம் எனக்கு.

மேலட்டை இல்லை. முதல் பக்கத்திலேயே ஒரு கரடி நடந்து வரும். கோடையில் பாறை சுட்டு அதற்குப் பாதம் கொப்பளிக்கிறது. மனிதர்கள் செருப்புப் போடுகிறார்களே, நாமும் போடலாம் என்று சந்தைக்குப் போகிறது. செருப்புக் கடைக்காரர் பயப்படவே மாட்டார். அது எனக்கு ரொம்பப் பிடிக்கும். "ஒரு செருப்புக் கொடுங்கள், முதலில் போட்டுப் பார்க்கிறேன்" என்னும் கரடி. "ஒற்றைச் செருப்பு விற்பதில்லை, ஜோடியாகத்தான் விற்பேன்" என்பார் கடைக்காரர். கரடி குனிந்து தன் கால்களைப் பார்க்கும். நான்கையும் பார்க்கும். "ஐயா, என் கால்களில் எந்தக் காலுக்கு எந்தக் கால் ஜோடி?" என்று கேட்கும். அந்தப் பக்கம் முழுவதும் கரடி குனிந்து நிற்கிற படம்.

எத்தனை தரம் படித்திருப்பேன் என்று கேட்காதீர்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்து படித்தேன், ஆட்டை ஓட்டிக்கொண்டு படித்தேன். அந்தப் பக்கத்தின் ஓரமெல்லாம் புளி ஒட்டிக் கறுத்து, எறும்பு வந்து மொய்க்க ஆரம்பித்தது. எறும்பை ஊதிவிட்டுப் படிப்பேன். வாசலில் கொட்டை எடுக்கிற அம்மாவுக்கும் சின்னம்மாவுக்கும் சத்தமாகப் படித்துக் காட்டுவேன். சின்னம்மாவுக்குக் கதை தெரியும். இருந்தாலும் கரடி கேள்வி கேட்டதும் கையை நிறுத்திவிட்டு, "அதுக்குக் கடைக்காரன் இன்னா சொன்னான்?" என்பாள். நான் பக்கத்தைத் திருப்பி அவர் சொன்னதைப் படிப்பேன். கொட்டையைத் தட்டுவதற்குப் பதில் கட்டைவிரலைத் தட்டிக்கொள்கிற அளவுக்குச் சிரிப்பாள். "அய்யோ, கர்மம் புடிச்ச கரடி!" என்று விரலை வாயில் வைத்துக்கொண்டு, மறுபடி படிக்கச் சொல்வாள்.

இதையெல்லாம் அப்பா பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஒரு நாள் ஏர் ஓட்டிய மாட்டை விட்டுவிட்டு வந்து என் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"நேத்தும் இதே கரடிதான?"

"ஆமாப்பா."

"முந்தாநேத்து?"

"அதேதான்."

"இன்னுமா முடியல?"

அந்தக் கேள்விக்குள் என்ன குழி இருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? சந்தோஷமாகச் சொன்னேன்: "இன்னும் ஒரு தடவ படிக்கணும்பா."

அப்பா தலையை ஆட்டிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

விஷயம் இதுதான். எங்கள் வீட்டில் படிப்பு என்பது ஒரு வேலை. வேலை என்றால் முடிய வேண்டும். முடிந்ததற்கு அடையாளம் ஒப்பிப்பது. ஒப்பித்துவிட்டால் 'ஏறிடுச்சு'. இல்லாவிட்டால் 'ஏறல'. இதற்கு நடுவில் வேறொன்று இருக்கும் என்று அப்பாவுக்கு யாரும் சொன்னதில்லை. அவர் கண்ட ஒரே படிப்பு என் அண்ணனுடையது.

அண்ணன் ஜமுனாமரத்தூர் ஆஸ்டலில் தங்கி ஏழாவது படித்துக்கொண்டிருந்தான். லீவுக்கு வந்தால் வாசலில் கையைக் கட்டி நின்று, கண்ணை மூடிக்கொண்டு, மூச்சு விடாமல் ஒப்பிப்பான். "மண்ணின் வகைகளாவன. செம்மண், கரிசல் மண், வண்டல் மண். படம் மூன்றைப் பார்க்க. கோடிட்ட இடங்களை நிரப்புக." எல்லாவற்றையும் ஒரே ராகத்தில் சொல்வான். அப்பாவுக்கு உடம்பு புல்லரிக்கும். "பாருமே, படம் எங்க கீதுன்னுகூட சொல்றான்!" என்று அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டுவார். எங்கள் காட்டு மண் என்ன மண் என்று ஒருநாள் சின்னம்மா அவனைக் கேட்டாள். "அது பாடத்துல இல்ல" என்று கோபித்துக்கொண்டான்.

இப்படி ஒரு பிள்ளையைப் பார்த்த கண்ணுக்கு, ஒரே புத்தகத்தோடு புளிக் காலம் முழுக்க மல்லுக்கட்டுகிற நான் எப்படித் தெரிந்திருப்பேன்? அன்றைக்குச் சோறு தின்னும்போது அப்பா அம்மாவிடம் சொன்னார்.

"பையனுக்கு ஏறுது. இவளுக்கு ஏறல. அஞ்சாவதோட நிறுத்திக்கலாம். ஆஸ்டலுக்கு அனுப்பி இன்னா பண்றது? ஆட்டையாவது பாத்துக்கட்டும்."

"இன்னாய்யா பேசுற? அது கதை புக்குய்யா. ஆசைக்குப் படிக்கிறா."

"கதை புக்கு இன்னா, கணக்கு புக்கு இன்னா? புக்குன்னா புக்குதான்."

"நீ மட்டும் சாமைக்கு ஒரே ஓட்டா ஓட்டுற? திருப்பித் திருப்பி ஓட்டல?"

"அது மண்ணுமே. இது மண்ட."

ஆஸ்டலுக்குப் போவதற்காகச் சின்னம்மாவிடம் ஒரு பெட்டிகூடச் சொல்லி வைத்திருந்தேன். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு முடிந்துவிடும். அதற்கு மேல் போகாத பெண்களை ஊரில் நிறையப் பார்த்திருக்கிறேன், ஆட்டுக்குப் பின்னால் போனார்கள், பிறகு கல்யாணமாகி இன்னொரு ஊர் ஆட்டுக்குப் பின்னால் போனார்கள்.

அம்மா விடவில்லை. சோற்றுக் கையோடேயே ஒரு வழி கண்டுபிடித்தாள். புளி எடுக்கச் சந்தவாசலிலிருந்து லாரியோடு வியாபாரி வருவார். எங்கள் அறிவுக்கு அவர்தான் படித்தவர். கண்ணாடி போடுவார், பேப்பர் படிப்பார். "மொதலாளி வரட்டும். புக்க அவரு கையில குடுக்கலாம், இவ ஒப்பிக்கட்டும். ஏறிருந்தா ஆஸ்டலு. ஏறலன்னா நீ சொல்ற மாதிரியே ஆடு. இன்னா சொல்ற?" அப்பா ஒப்புக்கொண்டார். என்னை யாரும் கேட்கவில்லை.

லாரி வருகிற வரைக்கும் அந்தப் புத்தகத்தை நான் முதல் தடவையாக 'படித்தேன்'. பாறை மேல் ஏறி உட்கார்ந்து, ஒரு வரி பார்ப்பது, கண்ணை மூடுவது, சொல்வது. தப்பினால் தலையில் நானே குட்டிக்கொள்வது. எந்தக் காலுக்கு எந்தக் கால். எந்தக் கால் எந்தக் காலுக்கு. எந்தக் காலுக்கு எந்தக் காலை. சீ! நான் சிரித்துச் சிரித்துப் படித்த வரிதான் அதிகமாகத் தப்பியது. கரடி மூஞ்சியே எனக்கு மறந்துவிட்டது. கால் கால் கால் என்று வெறும் கால்களாக நின்றது. அந்தப் பக்கத்தில் எறும்பு மொய்த்தால் ஊதிவிடாமல் நசுக்கினேன்.

வியாபாரி வந்தார். புளி எடை போட்டு மூட்டை கட்டி முடிந்ததும் அப்பா விஷயத்தைச் சொன்னார். அவர் சிரித்துக்கொண்டே மூட்டை மேல் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டி, புத்தகத்தை மடியில் விரித்தார். விரலை முதல் வரியில் வைத்தார். "ஒப்பி பாப்பா."

அண்ணன் மாதிரியே கையைக் கட்டினேன். கண்ணை மூடினேன். அண்ணனுடைய ராகம் தானாக வந்தது. கோடைக்காலம் வந்தது பாறைகள் சுட்டன கரடியின் பாதங்கள் கொப்பளித்தன. நிறுத்தவே இல்லை. நிறுத்தினால் விழுந்துவிடுவேன் என்று பயம். கரடி கேள்வி கேட்டது. கடைக்காரர் பதில் சொன்னார். எல்லாம் ஒரே மூச்சில் ஓடியது. சின்னம்மா பக்கத்தில்தான் நின்றிருந்தாள். சிரிப்புச் சத்தம் வரவில்லை. அதை அப்போதே கவனித்தேன். கடைசி வரி வரைக்கும் சொல்லிவிட்டுக் கண்ணைத் திறந்தால், எல்லோரும் எழவு வீட்டில் நிற்கிற மாதிரி நிற்கிறார்கள்.

"யோவ், ஒரு எழுத்து பெசகலய்யா!" என்றார் வியாபாரி. "ரேடியோ பொட்டி மாதிரி சொல்றா. இவள எங்க ஆட்டுக்கு அனுப்புற?"

அப்பா முகம் எப்படி மலர்ந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரிகிறது. என்னை இழுத்துத் தலையைத் தடவினார். "ஏறிடுச்சுமே! இவளுக்கும் ஏறிடுச்சு!" என்று ஊருக்கே கேட்கக் கத்தினார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் ஒரு நிமிஷம் மலையே என்னுடையது போல இருந்தது.

புத்தகத்துக்குக் கையை நீட்டினேன். வியாபாரியும் நீட்டினார். நடுவில் அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க எடுத்துனு போங்க மொதலாளி. உங்க வூட்டுப் பசங்க படிக்கட்டும்."

"பாப்பா வெச்சிக்கட்டுமேய்யா."

"அவளுக்கு முடிஞ்சிபோச்சுங்க. சதைய எடுத்தாச்சு, ஓடு எதுக்கு?"

வியாபாரி என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். கொடுக்கிறவர் மனசு நோகக் கூடாது என்று நினைத்திருப்பார். புத்தகத்தைக் காக்கிப் பைக்குள் வைத்தார். லாரி திரும்பும்போது பையின் வாயில் அதன் ஓரம் தெரிந்தது. புளித் தூசியும் டீசல் புகையும் கொஞ்ச நேரம் வாசலில் நின்றன.

நான் புரண்டு அழுதேன். அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "இன்னாத்துக்குமா அழுவுற? ஆஸ்டலுக்குத்தான அனுப்புறேன்னு சொன்னேன்?"

"என் புக்கு..."

"அதான் உள்ள கீதே!" என் நெற்றியில் விரலால் தட்டினார். "யாரும் எடுத்துனு போக முடியாது பாரு."

அந்த மனுஷனைத் திட்டவும் வாய் வரவில்லை, திட்டாமல் இருக்கவும் முடியவில்லை. இந்த வயதிலும் அதே நிலைதான். ஒரு புத்தகத்துக்குள்கூடப் போய்ப் பார்த்திராதவர், அதில் இருப்பதெல்லாம் என் தலைக்குள் வந்துவிட்டது என்று நம்பினார். அதைவிடப் பெரிய சொத்து அவர் எனக்குக் கொடுத்திருக்க முடியாது என்றும் நம்பினார். ஆஸ்டலுக்குப் போனேன், நர்ஸ் படித்தேன், சம்பளம் வாங்கினேன், எல்லாம் அந்தக் கரடி போட்ட சோறுதான். இருந்தாலும் என் புத்தகத்தைக் கொடுத்திருக்க வேண்டாம்.

அடுத்த புளிக் காலத்தில் லீவுக்கு வந்தபோது, சின்னம்மா கொட்டை எடுத்துக்கொண்டே, "அந்தக் கரடி கதைய சொல்லேன்" என்றாள். சொன்னேன். ராகம் வந்துவிட்டது. பாதியிலேயே, "படிக்கிற மாதிரி இல்லியேடி" என்று முகத்தைச் சுளித்தாள். 'எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான்' என்பார்களே, அந்தப் படித்தவன் நான்தான் போல. அத்தோடு அவள் கேட்பதை விட்டாள்.

அப்பா சொன்னது பலித்தது, அதுதான் கொடுமை. கரடி உள்ளேயே இருந்தது. நர்ஸ் பரீட்சைக்கு மனப்பாடம் செய்த எலும்புப் பெயர்களெல்லாம் வேலையில் சேர்ந்த கையோடு பறந்துவிட்டன. இது போகவில்லை. சொட்டு மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக நடக்கும்போது, தானாக வாயில் ஓடும். கோடைக்காலம் வந்தது பாறைகள் சுட்டன. ஒரு துளி சிரிப்பு வராது. தெரிந்த கதை, திறக்க முடியாத கதை. வேறு கதைப் புத்தகம் எடுத்தாலும், யாரோ மூட்டை மேல் உட்கார்ந்து கேட்கப் போகிறார்கள் என்றே மனசு வரி வரியாகக் கட்டிக்கொள்ளும். கதையில் இறங்கவே முடியாது. ஓய்வு பெற்று, கண் ஆபரேஷன் முடிந்து, மருமகள் லைப்ரரியிலிருந்து கொடுத்து அனுப்ப ஆரம்பித்த பிறகுதான், படித்து மறக்கிற சுகம் எனக்குக் கிடைத்தது. அதற்குத்தான் இந்தப் பயல் உலை வைக்கிறான்.

போன ஞாயிற்றுக்கிழமை காரோடு வந்துவிட்டான். என் துணிப் பையை அவனே கட்டி டிக்கியில் வைத்தான். அப்புறம் மனசு கேட்காமலோ என்னவோ, எதிரில் உட்கார்ந்து, "கடைசியா ஒரு தடவ கேக்கிறேன்மா. இந்த வாரம் படிச்சத சொல்லு. சொல்லிட்டா விட்டுடறேன்" என்றான்.

எனக்கு வந்ததே கோபம். "ஒப்பிச்சா விட்டுடுவியா? ஒப்பிக்கிறேன்டா. கேட்டுக்கோ." எழுந்து நின்றேன். கையைக் கட்டினேன். இந்த வாரப் புத்தகமாவது மண்ணாவது, கரடியை அவிழ்த்துவிட்டேன். கோடைக்காலம் வந்தது பாறைகள் சுட்டன. மடமடவென்று வந்தது. சந்தை வந்தது. கடைக்காரர் வந்தார். "ஐயா, என் கால்களில் எந்தக் காலுக்கு எந்தக் கால் ஜோடி?" என்று கேட்டு...

நின்றுவிட்டேன்.

அடுத்த வரி இல்லை. கடைக்காரர் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறார், சத்தம் வரவில்லை. மறுபடி முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தேன். அதே இடத்தில் கரடி குனிந்து நின்றது. அதற்குப் பிறகு வெறும் வெள்ளைக் காகிதம்.

என் மகன் முன்னால் நகர்ந்து உட்கார்ந்திருந்தான். "அதுக்குக் கடைக்காரன் இன்னா சொன்னான்?" என்றான்.

அவன் முகத்தைப் பார்த்தேன். அது பரீட்சை வைக்கிற முகம் இல்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது.

"தெர்லடா."

"யோசிம்மா. முன்னங்கால் ரெண்டும் ஒரு ஜோடின்னு சொல்லிருப்பான்."

"அவ்ளோதானா? அதுக்கு எங்க சின்னம்மா வெரல நசுக்கிக்கிற அளவுக்குச் சிரிச்சிருப்பாளா?"

"அப்போ வலது காலுக்கு வலது காலா?"

கரடி நான்கு காலோடு அந்தப் பக்கம் குனிந்து இந்தப் பக்கம் குனிந்து பார்ப்பது கண்முன்னால் வந்தது. ஊதிவிட்ட எறும்புகூட வந்தது. அடிவயிற்றிலிருந்து சிரிப்பு பீறிக்கொண்டு வந்தது எனக்கு. அவனும் சிரித்தான். ஆளுக்கொரு பதில் சொல்லிச் சண்டை போட்டோம். போட்ட டீ ஆறிப்போனதை இரண்டு பேரும் பார்க்கவில்லை.

வெயில் சாயக் கிளம்பினான். டிக்கியைத் திறந்து, என் பையை எடுத்துக்கொண்டு வந்து, கட்டில் மேல் வைத்தான். "ரூமு எங்கியும் ஓடிடாது. அடுத்த ஞாயித்துக்கெழம வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

கொஞ்ச நேரத்தில் போன். மலைப்பாதையில் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தியிருக்கிறான்.

"அம்மா, நெஜமாவே மறந்துட்டியா? இல்ல சும்மா என்னைச் சுத்த வுடுறியா?"

"நெஜமாத்தான்டா மறந்துட்டேன். பழைய புக்கு கடையில எங்கனா கெடச்சா வாங்கினு வா. இன்னும் ஒரு தடவ படிக்கணும்."